ஏற்காட்டு மண்ணில் குதிரைமசால் ஏன் மஞ்சளாகிறது? அமில மண்ணும் பயறுவகைத் தீவனமும்

அதே குதிரைமசால் விதை. ஓமலூர்ப் பக்கம் கிணற்றடியில் போட்டால் முதல் அறுப்புக்குப் பிறகு 25, 30 நாளுக்கொரு முறை கைநிறைய அறுக்கலாம். ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ போட்டால் முளைக்கும், நாலைந்து இலை விடும், அப்புறம் வெளிறி மஞ்சளாகி வளராமல் நிற்கும். விதை மட்டம் என்பார் ஒருவர். யூரியா போடச் சொல்வார் இன்னொருவர். மலைக்குளிருக்கு மசால் வராது என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். பெரும்பாலும் மூன்று பேர் சொல்வதும் காரணமாக இருப்பதில்லை. காரணம் மண்ணின் அமிலத்தன்மையில் இருக்கிறது. அந்த அமிலம் செடியை நேராகச் சுடுவதில்லை, இரண்டு மூன்று கை மாறி வந்து தாக்குகிறது. அதனால்தான் இத்தனை குழப்பம்.

பயறுவகைத் தீவனம் எதற்கு?

கோ 4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் காய்ந்த எடைக்கு 8 முதல் 10 சதவீதம் வரை புரதம் இருக்கும். குதிரைமசால், முயல்மசால், தட்டைப்பயறு போன்றவற்றில் 15 முதல் 20 சதவீதம். இரண்டு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் கிடைத்தால் புண்ணாக்குச் செலவு கணிசமாகக் குறையும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஒவ்வொரு தீவன மூட்டைக்கும் வண்டி வாடகை கூடுகிறது என்பதால், மேலே மாடு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

பயறுவகைச் செடிகளின் இன்னொரு குணம் தெரிந்ததுதான். அவற்றின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. மலையில் முறிவது இந்தக் கூட்டுத்தான்.

மலை மண் எப்படி அமிலமானது

மழைநீரே லேசான அமிலம். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அதன் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண்) சுமார் 5.6 இருக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை, அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவத்திலும். காலங்காலமாக இந்த நீர் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் அடித்துக்கொண்டு போகிறது. அந்த இடங்களில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்காருகின்றன. மக்கும் இலை தழைகளும் அமிலம் சேர்க்கும். காபிக்கும் மிளகுக்கும் வருடம் தவறாமல் போடும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் வேறு.

இப்படிக் கரைவது கடைசி வரை போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. பாறையிலிருந்து சிலிக்கா வரை எல்லாம் கரைந்து போய் அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சுவதுதான் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல ஆண்டுகள் ஏற்காட்டிலிருந்து லாரியில் இறங்கியது அதுதான்.

அடிவாரத்தில் கதையே வேறு. சங்ககிரியில் சிமென்ட் ஆலை வைக்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல், கருப்பூர்ப் பக்கம் மெக்னீசியக் கனிமமான மேக்னசைட் சுரங்கங்கள். மழையும் குறைவு. அங்கே மண் நடுநிலையிலோ காரத்திலோ இருக்கிறது. சமவெளிக்கு எழுதப்பட்ட தீவனப் பரிந்துரையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் தோற்பதற்கு இந்த உயர வேறுபாடே போதும்.

பி.எச். எண்ணைப் படிப்பது

பி.எச். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். இது பத்தின் மடங்காக ஏறும் அளவுகோல். 6 உள்ள மண்ணைவிட 5 உள்ள மண்ணில் அமிலம் பத்து மடங்கு, 7 உள்ளதைவிட நூறு மடங்கு. ஆகவே மண் பரிசோதனைத் தாளில் 5.8-க்குப் பதில் 5.2 இருந்தால் 'கொஞ்சம்தான் குறைவு' என்று விட்டுவிட முடியாது. மலைக் காபித் தோட்ட மண்ணில் 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட எண்கள் சாதாரணம். இதற்குள்தான் 5.5 என்ற எல்லைக்கோடும் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஒரே பி.எச். காட்டும் இரண்டு மண்ணுக்கு ஒரே அளவு சுண்ணாம்பு போதாது. பி.எச். காட்டுவது இந்த மாத வட்டியை மட்டும். அசல் களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. களியும் மக்கும் கூடுதலாக உள்ள கறுத்த மேல்மண்ணைத் திருத்த, மணற்பாங்கான சரிவு மண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு சுண்ணாம்பு பிடிக்கலாம். பரிசோதனைக்குக் கொடுக்கும்போதே 'சுண்ணாம்புத் தேவை எவ்வளவு' என்றும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பி.எச். எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அமிலம் கடிக்கும் நாலு இடங்கள்

1. வேர் நுனி. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணில் கல்லாகக் கிடந்த அலுமினியம் கரையத் தொடங்குகிறது, 5-க்குக் கீழே வேகமெடுக்கிறது. கரைந்த அலுமினியம் வேர் நுனி வளர்வதை நிறுத்திவிடும். வேர் கீழே இறங்காததால் மேலே ஒரு சாண் மண் காய்ந்தவுடன் செடி வாடும். மழைக்குப் பேர்போன ஊரில் செடி பிப்ரவரியிலேயே தண்ணீர் கேட்பதற்கு இது ஒரு காரணம். சில மண்ணில் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரைந்து நஞ்சாகும்.

2. மணிச்சத்து (பாஸ்பரஸ்). சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வேர்முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து நிறைய வேண்டும். உரம் போட்டும் பலனில்லை என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருவது.

3. பாக்டீரியா. குதிரைமசாலோடு சேரும் ரைசோபியம், அந்தக் குடும்பத்திலேயே அமிலத்துக்கு மிகவும் பயந்த இனம். செடி தாங்கினாலும் பாக்டீரியா தாங்காது. வேர்த்தூவியில் அது நுழைந்து முடிச்சு போடுவதற்குச் சுண்ணாம்புச் சத்து தேவை, அமில மண்ணில் அதுவும் குறைவு. முடிச்சு இல்லையென்றால் நைட்ரஜன் இல்லை. அந்த மஞ்சள் நிறம் நைட்ரஜன் பசி.

யூரியா போட்டால் பச்சை திரும்பும், உண்மைதான். ஆனால் யூரியா மண்ணை இன்னும் அமிலமாக்கும், முடிச்சு போடும் கொஞ்சநஞ்ச வேலையையும் செடி நிறுத்திவிடும். புல்லுக்குப் போடும் யூரியாவையே பயறுவகைக்கும் போடுவதென்றால் பயறுவகை எதற்கு?

4. மாலிப்டினம். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியின் நடுவில் இந்தத் தனிமம் இருக்கிறது. மற்ற நுண்சத்துகளுக்கு நேர்மாறாக, அமிலம் கூடக் கூட இது கிடைப்பது குறையும். 1942-இல் ஏ. ஜே. ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் தெற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புக்கல் மண்ணில், எதைப் போட்டாலும் வளராத மேய்ச்சல் நிலம் துளி மாலிப்டினத்தில் நிமிர்வதைக் காட்டினார். இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய செம்புறை மண் உள்ள மலைக்காரர்கள் மறக்கக் கூடாத செய்தி இது. ஏக்கருக்கு 100 கிராமுக்கும் குறைவான சோடியம் மாலிப்டேட் போதும். கை தாராளமாகப் போனால் தீவனத்தில் மாலிப்டினம் ஏறி மாட்டுக்குச் செம்புச்சத்துக் குறைபாடு வரும்.

பிடுங்கிப் பார்த்தால் தெரியும்

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் மண்வெட்டியே நிறையச் சொல்லும். விதைத்து ஆறேழு வாரம் ஆன செடியை இழுக்காமல், சுற்றி ஒரு சாண் மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலச வேண்டும். இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

ஆணிவேர் நேராக இறங்காமல் மடங்கி, கிளைவேர்கள் குட்டையாக, தடித்து, பழுப்பு நுனியோடு இருந்தால் அலுமினியத்தைச் சந்தேகிக்கலாம். நல்ல வேரில் நூல் போன்ற சல்லிகள் நிறைய இருக்கும். அப்புறம் முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்போ ரோஜா நிறமோ தெரிய வேண்டும். அது நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம், முடிச்சுக்குள் பிராணவாயுவை அளந்து விடுவது அதன் வேலை. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு உண்டு, வேலை இல்லை. பச்சையாக இருந்தால் வயதாகி ஓய்ந்துவிட்டது. முடிச்சே இல்லையென்றால் சரியான பாக்டீரியா அங்கே இல்லை அல்லது நுழைய முடியவில்லை.

உருண்டையாகத் தொங்கும் முடிச்சையும் நூற்புழு உண்டாக்கும் வேர்வீக்கத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேர்முடிச்சை விரலால் தட்டினால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரின் உடம்பாகவே இருக்கும், உதிராது. மிளகும் காபியும் இருந்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

சுண்ணாம்பு: எது, எவ்வளவு

கடையில் கிடைப்பதில் எது எதற்கு என்று தெரியாமல் வாங்குவதே அதிகம். சுண்ணாம்புக்கல் தூளின் அமிலம் முறிக்கும் திறனை 100 என்று வைத்தால், டோலமைட் சுமார் 108, நீற்றிய சுண்ணாம்பு சுமார் 135, சுட்ட கல் சுண்ணாம்பு சுமார் 178. பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கி வைத்திருக்கும் சுண்ணாம்பை மிச்சம் என்று பாத்தியில் தூவுகிறவர்கள், அது கல் தூளைவிட வேகமும் காரமும் கூடியது என்பதை மனதில் வைக்க வேண்டும். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டுக் கலக்கிவிட வேண்டும், யூரியாவோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

மலைக்கு என் தேர்வு டோலமைட். சுண்ணாம்போடு மெக்னீசியமும் வரும், இரண்டுமே இங்கே பற்றாக்குறை. ஆனால் மாவாக அரைத்ததாக இருக்க வேண்டும். ரவை பருமனில் உள்ள தூள் கரைய வருடக்கணக்காகும். கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை மட்டும் போடுவது சரியல்ல. அமிலத்தை அது முறிக்கும்தான், ஆனால் சுண்ணாம்புச் சத்து ஒரு துளியும் தராது, மெக்னீசியம் மட்டும் ஏறிப்போகும்.

ஜிப்சம் பற்றிய குழப்பம்தான் பெரியது. சமவெளியில் களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் போடுகிறார்கள், ஆகவே 'மண்ணைச் சரிசெய்யும் மருந்து' என்று பெயர் வாங்கிவிட்டது. அது பி.எச்.-ஐ ஏற்றாது. சுண்ணாம்பு இறங்காத ஆழத்துக்குக் கால்சியத்தைக் கொண்டுபோய் அங்குள்ள அலுமினியத்தின் கடுமையைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. சுண்ணாம்புக்குப் பதிலாகப் போட அது உதவாது.

பி.எச். 5-லிருந்து 6-க்கு ஏற்ற ஏக்கருக்கு 1 முதல் 2 டன் வரை சாதாரணமாகத் தேவைப்படும். இரண்டு டன்னை மலையேற்றி, சரிவில் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தூவுவது அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கட்டுமா? பலருக்குக் கட்டாது. நல்லவேளையாக 6-க்கு ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அலுமினியம் அடங்கும் 5.5-ஐத் தொட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. செம்புறை மண்ணில் 6.5-ஐத் தாண்டினால் துத்தநாகமும் போரானும் கிடைக்காமல் போய் வேறு தொல்லை தொடங்கும். ஏக்கர் முழுக்கத் தூவாமல் விதைக்கும் வரிசையில் மட்டும் 100, 200 கிலோ போட்டு மண்ணோடு கலப்பது சிக்கனமான வழி. அடுப்புச் சாம்பலும் உதவும். எடைக்கு எடை சுண்ணாம்புத் தூளில் பாதி திறன் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், பொட்டாசியம் இலவசம்.

செடியை மண்ணுக்கு ஏற்ப எடுப்பது

மண்ணைச் செடிக்கு ஏற்ப மாற்றுவதைவிட, மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேடுவது மலையில் மலிவு. குதிரைமசால் மேற்கு ஆசியாவின் சுண்ணாம்பு மண்ணில் பிறந்தது, 6.5 முதல் 7.5 வரை கேட்கும். வேலிமசாலும் நடுநிலை, கார மண்ணையே விரும்பும். சூபாபுல்லுக்கு அலுமினியம் ஆகாது, உயரத்துக் குளிரில் வளர்ச்சியும் மந்தம். மூன்றும் சமவெளியில் பெயர் எடுத்தவை, மலைக்கு முதல் தேர்வு அல்ல.

தென்னமெரிக்காவின் அமில மண்ணில் பிறந்தவை வேறு ரகம். முயல்மசால் அதில் ஒன்று. அதிலும் இனம் பார்க்க வேண்டும். நம் ஊர்த் தீவனத் தோட்டங்களில் பரவலாக உள்ள ஸ்டைலோசாந்தஸ் ஹமாட்டா அமிலத்தையும் வறண்ட மண்ணையும் தாங்கும், ஆனால் வெப்பம் வேண்டும். கொட்டச்சேடு போன்ற தாழ்ந்த, வெயில் படும் சரிவுகளுக்கு அது சரி. ஸ்டைலோசாந்தஸ் கயானென்சிஸ் பி.எச். 4 வரைகூடத் தாங்கும், குளிரையும் ஓரளவு பொறுக்கும். சீப்ரானா என்ற இனம் நடுநிலைக் களிமண்ணுக்கானது, தனி பாக்டீரியாவும் கேட்கும். 'முயல்மசால்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் இதில் எது வருமோ!

ஏற்காடு ஊரை ஒட்டிய 1,400, 1,500 மீட்டர் உயரத்துக்கு டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி பொருத்தம். கென்யாவின் மலைப்பகுதிகளில் மக்காச்சோளத்துக்கு நடுவே வளர்த்து மாட்டுக்கு அறுக்கிறார்கள். பி.எச். 5 வரை தாங்கும், காபி நிழலையும் ஓரளவு பொறுக்கும். தண்டை வெட்டி நட்டாலும் வரும். கொடியாகப் படர்வதால் காபிச் செடியில் ஏறவிடாமல் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிழல் அடர்ந்த இடத்துக்கு பிண்டோ வேர்க்கடலை என்ற படர்கொடி. அலுமினியம், நிழல், மாட்டுக் கால் மிதி மூன்றையும் சகிக்கும். காலூன்ற மட்டும் ஒரு வருடம் பிடிக்கும், அதுவரை களை எடுக்கப் பொறுமை வேண்டும். பல நர்சரிகளில் இது மஞ்சள் பூப்பூக்கும் தரைமூடிச் செடியாக விற்கிறது.

ஒரே பருவத்தில் பலன் வேண்டுமென்றால் தீவனத் தட்டைப்பயறு. வேலியோரத்தில் கிளைரிசிடியா மரம். மிளகு ஏற்றியிருக்கும் கல்யாண முருங்கையும் பயறுவகையே. அதைக் கவாத்து பண்ணும்போது விழும் தழையை ஆட்டுக்குப் போடுவது மலைக் கிராமங்களில் பழைய வழக்கம். புதிதாக எதையும் விதைக்கும் முன் கையில் இருக்கும் இந்தத் தழையைக் கணக்கில் எடுப்பது நல்லது.

இன்னொரு வேறுபாடு. குதிரைமசாலைப் பசியோடு பச்சையாகத் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பும். முயல்மசாலிலும் டெஸ்மோடியத்திலும் அந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் காட்டெருமைக்கும் அவை பிடிக்கும். காட்டோரப் பாத்தியில் வேலிச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

விதைக்கும்போது

1. முயல்மசால் விதைத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் பாக்டீரியா கலப்பது. வரிசை மாற்றினால் பாக்டீரியா வெந்துவிடும்.

2. ரைசோபியம் பொட்டலத்தில் எந்தப் பயிருக்கானது என்று பார்க்க வேண்டும். முயல்மசாலும் தட்டைப்பயறும் ஒரே கூட்டம், தட்டைப்பயறுக்கான பொட்டலம் இரண்டுக்கும் உதவும். குதிரைமசாலுக்கு அது பயன்படாது. ஆறிய கஞ்சியில் கலந்து விதை மேல் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும்.

3. மணிச்சத்துக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. முயல்மசாலுக்கு எக்டேருக்கு 60 கிலோ, அதாவது ஏக்கருக்கு 24 கிலோ பரிந்துரை. சுண்ணாம்பு போடாமல் அமிலம் தாங்கும் செடியை வைத்தால் மலிவான ராக் பாஸ்பேட் போடலாம், மண்ணின் அமிலமே அதைக் கரைத்துக் கொடுக்கும். சுண்ணாம்பு போட்ட வரிசையில் அது கரையாது, அங்கே சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ. சுண்ணாம்பையும் ராக் பாஸ்பேட்டையும் ஒரே குழியில் போடுவது ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுப்பது.

4. மாலிப்டேட்டை விதையோடு சேர்க்காமல் உரத்தோடு கலந்து போடுவது பாக்டீரியாவுக்குப் பாதுகாப்பு.

முயல்மசால் முதல் அறுப்புக்குச் சுமார் 75 நாள் ஆகும், அதற்குள் களை மூடிவிடும். ஜூன், ஜூலையில் விதைத்து முதல் இரண்டு மாதம் களை எடுப்பதில்தான் இந்தப் பயிர் நிற்பதும் விழுவதும்.

நாலு வருடம் கழித்து

நன்றாக வந்த பயறுவகைப் பாத்தியே மண்ணை மேலும் அமிலமாக்கும். காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கும் செடி, கால்சியம், பொட்டாசியம் போன்றவற்றை வேர் வழியே கூடுதலாக இழுத்து, பதிலுக்கு அமிலத்தை வெளியே விடுகிறது. தழை அங்கேயே மக்கினால் கணக்கு பெரும்பாலும் சமமாகிவிடும். அறுத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோனால் சுண்ணாம்புச் சத்தும் கூடவே போகிறது. இப்படிப் போகும் ஒவ்வொரு டன் காய்ந்த தீவனத்துக்கும் 40 முதல் 70 கிலோ சுண்ணாம்புத் தூள் ஈடு என்பது ஆஸ்திரேலிய விவசாயத் துறைகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. குதிரைமசாலுக்கு மேல் எல்லை, குளோவர் வகைகளுக்குக் கீழ் எல்லை.

பசு அந்தச் சுண்ணாம்பில் ஒரு பங்கைப் பாலில் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாணத்தில் திருப்புகிறது. மலையில் அந்தச் சாணம் மொத்தமும் காபிக்கும் மிளகுக்கும் போய்விடுவது வழக்கம். தீவனப் பாத்திக்குத் தொழு உரத்தில் ஒரு பங்கு ஒதுக்காதவர்கள் மேலே சொன்ன கிலோ கணக்கை டோலமைட்டில் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, மேல் ஒரு சாணையும் அதற்குக் கீழ் ஒரு சாணையும் தனித்தனிப் பையில் எடுத்து, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில் விசாரித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால் எது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். கீழ்ப்பையை யாரும் எடுப்பதில்லை. வேர் நிற்பதா இறங்குவதா என்பதைச் சொல்வது அந்தப் பைதான்.